கூடைக்குள் இருந்த பூனை

கொன்றைக் காட்டுக் குளம் அந்தக் கோடையில் அடியோடு வற்றிப் போனது. தவளைகள் முதலில் கிளம்பின. பின்னாலேயே கொக்குகளும் போய்விட்டன. கடைசியில் கரையில் மிஞ்சியது இரண்டே பேர். ஒன்று, சடைச்சி என்ற வெள்ளாடு. மற்றொன்று, பிச்சி என்ற பூனை.

இரண்டும் ஒரே புங்க மரத்தடியில் ஏழு வருஷம் சேர்ந்து இருந்தவை. சடைச்சி ஓயாமல் பேசும். பிச்சி ஓயாமல் கேட்கும். அதனால் அவற்றுக்குள் சண்டையே வந்ததில்லை.

ஒரு நாள் காலையில் ஒரு மைனா பறந்து வந்தது.

"சடைச்சி! சடைச்சி! மலைக்கு அந்தப் பக்கம், ஏரிக்கரையில் உன் மகள் குட்டி போட்டிருக்கிறாள். இரட்டைக் குட்டி! உன்னை உடனே வரச் சொன்னாள்!"

சடைச்சி துள்ளிக் குதித்தது. அடுத்த நிமிஷமே அதன் முகம் வாடிவிட்டது. மலையைச் சுற்றிப் போனால் மூன்று நாள் நடை. வழியெல்லாம் புதர். புதரெல்லாம் பாம்பு.

"பிச்சி, நீயும் என்னோடு வாடி!"

"நானா? வேண்டாம் அக்கா. பழகின இடத்தை விட்டுப் போனால் எனக்குச் சாப்பாடு இறங்காது. புது இடத்து வாசனை பட்டாலே உடம்பெல்லாம் நடுங்கும்."

"தனியாகப் போக எனக்குப் பயமாக இருக்கிறதே! உனக்கு ஒரு குறையும் வராமல் நான் பார்த்துக்கொள்கிறேன். கால் வலித்தால் கூடையில் உட்கார்ந்துகொள். நான் சுமக்கிறேன்!"

பிச்சி வெடித்துக் கிடந்த குளத்தைப் பார்த்தது. புங்க மரத்தைப் பார்த்தது. பிறகு சடைச்சியின் முகத்தைப் பார்த்தது.

"சரி அக்கா, வருகிறேன்," என்றது.

மூடி போட்ட ஒரு பனையோலைக் கூடையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு சடைச்சி நடந்தது. பிச்சி முன்னால் போனது. சாயங்காலம் ஒரு பாறைக் குகையில் தங்கினார்கள். சடைச்சி உள்ளே போனதும் படுத்துவிட்டது. பிச்சி மட்டும் குகையின் ஒவ்வொரு மூலையையும் மோந்து பார்த்தது. மோந்து முடித்த பிறகுதான் சடைச்சியின் வயிற்றோடு ஒட்டி உட்கார்ந்தது. ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை.

மறுநாள் காலையில் புறப்பட்டுக் கொஞ்ச தூரம் போயிருப்பார்கள்.

"நில் அக்கா! அப்படியே நில்!" என்று பிச்சி கத்தியது.

சடைச்சி தூக்கிய காலை அந்தரத்திலேயே நிறுத்தியது. காலுக்கு நேர் கீழே, சருகோடு சருகாக ஒரு விரியன் சுருண்டு கிடந்தது. இரண்டும் மெல்லப் பின்வாங்கிச் சுற்றிக்கொண்டு போயின.

"நீ மட்டும் கத்தாமல் இருந்திருந்தால் இந்நேரம் நான் செத்திருப்பேன்!" என்றது சடைச்சி. பிச்சி வாலை ஆட்டிக்கொண்டு முன்னால் நடந்தது.

உச்சி வெயில் ஏறியது. மணல் வறுபட்ட மாதிரி கொதித்தது. பிச்சியின் பாதங்கள் கொப்பளித்துவிட்டன. சடைச்சி அதைக் கூடையில் ஏற்றிக்கொண்டு தள்ளாடித் தள்ளாடி வந்தது. அப்போதுதான் எதிரே ஒரு பெரிய ஆலமரம் தெரிந்தது. அதன் விழுதுகளையே சுவராக வைத்து ஒரு விடுதி கட்டியிருந்தார்கள். வாசலில் வெட்டிவேர்த் தட்டி தொங்கியது. யாரோ அதில் தண்ணீர் தெளித்திருந்தார்கள். குளுகுளுவென்று காற்று வந்தது.

வாசலில் ஒரு பலகை இருந்தது. "வழிப்போக்கர் எல்லாரும் தங்கலாம். பூனைகளுக்கு உள்ளே இடமில்லை."

பிச்சி கூடையிலிருந்து தலையை நீட்டி அதைப் படித்தது.

"வா அக்கா, போய்விடலாம். அதோ, அந்தப் பாறை ஓரத்தில் கொஞ்சம் நிழல் இருக்கிறது. இரண்டு பேரும் ஒண்டிக்கொள்வோம்."

சடைச்சி பாறையைப் பார்த்தது. நிழல் ஒரு முழம்கூட இல்லை. வெட்டிவேர்க் காற்று மறுபடியும் முகத்தில் பட்டது.

"அந்த நிழலில் நான் காலை மடக்கிக்கூடப் படுக்க முடியாது! ஒன்று செய்வோம். நீ கூடைக்குள்ளேயே இரு. மூடியைக் கட்டிவிடுகிறேன். வெயில் தாழ்ந்ததும் கிளம்பிவிடலாம். யாருக்குத் தெரியப் போகிறது!"

"உள்ளே வெக்கையாக இருக்குமே அக்கா."

"கொஞ்ச நேரம்தானே! எனக்காகப் பொறுத்துக்கொள். ஆனால் மூச்சுக் காட்டக்கூடாது, கேட்டாயா? நான் இருமினால், பக்கத்தில் ஆள் இருக்கிறது என்று அர்த்தம். வாயைத் திறக்கவே திறக்காதே!"

"சரி அக்கா," என்று சொல்லிவிட்டுப் பிச்சி உடம்பைச் சுருட்டிக்கொண்டது. சடைச்சி மூடியை ஒரு கொடியால் இறுக்கிக் கட்டியது.

விடுதிக்காரர் ஒரு முள்ளம்பன்றி. வாசலுக்கே வந்து வரவேற்றார்.

"வாங்க தாயி, வாங்க! இந்த வெயிலில் யாராவது நடப்பார்களா? கூடையில் என்ன?"

"மகள் குட்டி போட்டிருக்கிறாள் அண்ணே. அவளுக்குக் கொஞ்சம் இலந்தைப் பழம்."

"சந்தோஷம்! ஆனால் இங்கே சாமானை எல்லாம் சாமான் அறையில்தான் வைக்க வேண்டும். கொண்டாங்க, நானே வைக்கிறேன்."

சடைச்சி ஓர் அடி பின்னால் நகர்ந்தது. 'உள்ளே பூனை இருக்கிறது' என்று அப்போதே சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. ஆனால் உள்ளே தண்ணீர்த் தொட்டியும், பசும்புல் பரப்பிய படுக்கையும் கண்ணில் பட்டன.

"பார்த்து வையுங்க அண்ணே," என்று மட்டும் சொன்னது.

சாமான் அறை கூடத்தை ஒட்டி மேற்குப் பக்கம் இருந்தது. மத்தியான வெயில் முழுக்க அந்தச் சுவரில்தான் இறங்கும். முள்ளம்பன்றி கூடையை ஒரு மூலையில் வைத்தார். சற்று நேரத்தில் ஒரு கரடி வந்தது. அது கொண்டுவந்த இலுப்பைப்பூ மூட்டைகளையும் கூடையை ஒட்டிச் சுற்றிலும் அடுக்கினார். கதவைச் சாத்திவிட்டு வந்துவிட்டார்.

கூடத்தில் சடைச்சி நான்கு காலையும் குளிர்ந்த தண்ணீரில் வைத்துக்கொண்டு அகத்திக்கீரை தின்றது. பக்கத்தில் ஓர் அணில் உட்கார்ந்திருந்தது. சுற்றிலும் எலிகளும் முயல்களும் பேசிக்கொண்டிருந்தன.

"அதென்ன, பூனைக்கு மட்டும் இங்கே இடமில்லை?" என்று சடைச்சி ஒன்றும் தெரியாததுபோலக் கேட்டது.

அணிலின் முகம் சுருங்கியது. "என் தங்கை இதே கூடத்தில்தான் போனாள். விருந்தாளியாக வந்த ஒரு காட்டுப்பூனை அவளைக் கவ்விக்கொண்டு போய்விட்டது. அன்றைக்குத்தான் அந்தப் பலகையை வைத்தார்கள்."

"எல்லாப் பூனையும் அப்படி இருக்காது…" என்று ஆரம்பித்த சடைச்சி, அணிலின் கண்ணைப் பார்த்ததும் மீதியை விழுங்கிவிட்டது.

அந்த நேரத்தில்தான் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு மெல்லிய குரல் கேட்டது.

"அக்கா…"

அணில் விருட்டென்று எழுந்தது. "என்ன சத்தம் அது? பூனை கத்தின மாதிரி இருந்ததே!"

கூடமே அடங்கிப் போனது. எலிகள் ஒன்றையொன்று கட்டிக்கொண்டன. எல்லாக் கண்களும் இங்கும் அங்கும் தேடின.

சடைச்சி இருமியது. பலமாக, இரண்டு முறை இருமியது.

"நான்தான்! வழியெல்லாம் தூசி. தொண்டை கட்டிப்போய் இப்படிக் கீச்சென்று வருகிறது!"

எல்லாரும் சிரித்தார்கள். அணிலும் உட்கார்ந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் அதற்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை.

'நல்ல பெண். சொன்னதைக் கேட்கிறாள்,' என்று சடைச்சி நினைத்தது. 'இந்தக் கீரையைத் தின்றுவிட்டு, யாரும் பார்க்காத நேரத்தில் போய் மூடியைக் கொஞ்சம் தளர்த்திவிட்டு வரலாம்.' கீரை தீர்ந்தது. புல் படுக்கை மெத்தென்று இருந்தது. ஒரு நிமிஷம் கண்ணை மூடலாம் என்று சாய்ந்தது. அப்படியே தூங்கிப் போனது.

விழித்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. முள்ளம்பன்றி கூடையை எடுத்து வந்து கொடுத்தார்.

"கூடை அனலாக இருக்கிறதே தாயி! பழமெல்லாம் வெதும்பிப் போயிருக்கும்."

சடைச்சி கூடையை வாங்கிக்கொண்டு வேகமாக வெளியே வந்தது. வேலி ஓரத்துப் புதருக்குப் பின்னால் போய்க் கொடியைப் பல்லால் கடித்து இழுத்தது.

"பிச்சி! எழுந்திரு! ஒருத்தருக்கும் தெரியவில்லை, பார்த்தாயா?"

பிச்சி எழவில்லை.

சடைச்சி மூடியைத் தள்ளியது. கூடையின் ஒரு பக்கத்தில் நகத்தால் கீறிக் கீறி உண்டாக்கிய சின்ன ஓட்டை ஒன்று இருந்தது. பிச்சியின் மூக்கு அந்த ஓட்டையில் அழுந்தியிருந்தது. உடம்பு இன்னும் சூடாகத்தான் இருந்தது. அந்தச் சூடு கூடையின் சூடு. சடைச்சிக்கு அது முதலில் புரியவில்லை. முகத்தை நக்கியது. காதை நக்கியது. தலையால் முட்டி அசைத்துப் பார்த்தது.

பிறகு அது அலறிய அலறலில் விடுதியே வெளியே ஓடி வந்தது.

"தண்ணீர்! தண்ணீர் கொண்டாங்க!" என்று கத்தினார் முள்ளம்பன்றி. அவரே ஓடிப்போய் எடுத்து வந்து பிச்சியின் வாயில் விட்டார். விட்ட தண்ணீர் அப்படியே வெளியே வழிந்தது.

"ஏன் தாயி என்னிடம் சொல்லவில்லை?" என்று கேட்டபடி அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"பலகையில் எழுதியிருந்ததே அண்ணே…"

"உள்ளே இடமில்லை என்றுதானே எழுதியிருக்கிறது! கிணற்றடியில் பூனைகளுக்கென்றே தனியாக ஒரு குடில் போட்டு வைத்திருக்கிறேன். கூரை இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது. ஒரு வார்த்தை… ஒரே ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?"

சடைச்சி தலையைத் தரையில் முட்டிக்கொண்டு அழுதது.

அணில் தள்ளியே நின்றது. பிறகு மெல்ல மெல்ல வந்து கூடையின் ஓட்டையைப் பார்த்தது.

"மத்தியானம் நான் கேட்டது இவள் குரல்தானா?"

சடைச்சி தலையை ஆட்டியது.

"நீங்கள் இருமினதும் நிறுத்திவிட்டாளே! ஏன்?"

"நான்தான் அப்படிச் சொல்லி வைத்திருந்தேன்," என்றது சடைச்சி.

அணில் ஓர் இலையைப் பறித்து வந்து பிச்சியின் முகத்தை மூடியது.

கிணற்றடிக் குடிலுக்குப் பக்கத்தில் முள்ளம்பன்றி குழி தோண்டினார். மறுநாள் முழுக்கச் சடைச்சி அந்த மண்ணைவிட்டு நகரவில்லை. ஓயாமல் பேசும் அந்த ஆடு ஒரு வார்த்தையும் பேசவில்லை. அதற்கு அடுத்த நாள் எழுந்து தனியாக நடந்தது. வழியில் சருகு அசைந்த இடத்திலெல்லாம் நின்று நின்று போனது.

ஏரிக்கரையில் மகள் ஓடி வந்து கட்டிக்கொண்டாள்.

"அம்மா! இவ்வளவு தூரம் தனியாகவா வந்தாய்? துணைக்கு யாரும் வரவில்லையா?"

"பிச்சி வந்தாள் மகளே," என்றது சடைச்சி. "நான்தான் அவளைக் கொண்டுவந்து சேர்க்கவில்லை."

நடந்ததை எல்லாம் ஒன்றும் மறைக்காமல் சொன்னது. அந்த நேரம் பார்த்து இரண்டு குட்டிகளும் பசித்து வீறிட்டுக் கத்தத் தொடங்கின. அக்கம்பக்கத்து ஆடுகள் திரும்பிப் பார்த்தன.

"சும்மா இருங்கள்! எல்லாரும் பார்க்கிறார்கள்!" என்று மகள் அதட்டினாள்.

"வேண்டாம்!" என்று சடைச்சி பதறிக் குறுக்கே வந்து நின்றது. "அதட்டாதே. கத்தட்டும். எதற்குக் கத்துகிறார்கள் என்று போய்ப் பார்."

தன் வசதிக்காக, தன்னை நம்பி வந்தவரின் வாயை ஒருபோதும் அடைக்கக்கூடாது; அப்படி அடைத்தால், உயிரைக் காப்பாற்றச் சொல்லிக் கூப்பிடும் குரலும் அதோடு சேர்ந்து அடைபட்டுப் போகும்.