அவசரப் பட்டன்

எங்கள் ஆஸ்பத்திரியில் சீட்டுப் பதிய தமயந்தி மேடத்தை மிஞ்ச ஆள் கிடையாது. கீபோர்டைக் குனிந்தே பார்க்க மாட்டார். வந்தவர் முகத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டே தட்டுவார், சீட்டு வந்து விழும். பக்கத்துக் கவுண்டர் அருளப்பன் வார்டிலிருந்து மாறி வந்தவர், மேடத்தைவிட மூத்தவர். தொழில் கற்றுக்கொடுத்தது மேடம்தான். அதனால் "குருவே" என்றுதான் கூப்பிடுவார்.

ஒரு திங்கட்கிழமை கீபோர்டெல்லாம் பெட்டிக்குள் போனது. தொடுதிரை வந்தது. பழைய கட்டம் ஒன்றுகூட பழைய இடத்தில் இல்லை.

"சனிக்கிழமைக்குள்ள வேகம் வராதவங்க ரெக்கார்ட் ரூமுக்குப் போயிரணும்" என்றார் சூப்பரிண்டெண்ட்.

மேடத்தின் வரிசை வாசல்வரை நீண்டது. நின்றவர்கள் ஒவ்வொருவராக, திரையைச் சட்டென்று பழகிக்கொண்ட அருளப்பன் பக்கம் நழுவினார்கள். மூன்றாவது கவுண்டரிலிருந்து பார்த்த எனக்கே பொறுக்கவில்லை. அருளப்பனுக்கோ தலைகால் புரியவில்லை.

வியாழக்கிழமை, திரையைத் தொட்டபடியே கேட்டுவிட்டார்.

"குருவே, உங்களை முந்திட்டேன் போலிருக்கே! இனி உங்ககிட்ட கத்துக்க என்ன இருக்கு?"

மேடம் அவரைப் பார்க்கவில்லை. அவருக்கு எதிரே நின்றவரைப் பார்த்தார். சட்டென்று எழுந்து கத்தினார்.

"ஸ்ட்ரெச்சர்! சீக்கிரம் வாங்கப்பா!"

அருளப்பன் அப்போதுதான் தலையைத் தூக்கினார். எதிரே நின்றவர் சட்டையெல்லாம் வேர்வை. நெஞ்சைப் பிடித்தபடி தடுப்பில் சாய்ந்திருந்தார். அவரிடம் அருளப்பன் மூன்று தரம் ஊர்ப்பெயர் கேட்டிருந்தார்.

ஆள் பிழைத்துக்கொண்டதாக மத்தியானம் சேதி வந்தது. அருளப்பன் முகத்தில் ஈயாடவில்லை.

கவுண்டர் மூடியதும் மேடம் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டார்.

"அண்ணே, இதுல அவசரப் பட்டன் எங்க இருக்கு? காட்டிக்கொடுங்க."

"நீங்களா, என்கிட்டயா?"

"தெரிஞ்சவங்ககிட்டதானே கேக்க முடியும்?"

மூலையில் சிவப்பு வட்டம். காட்டினார். மேடம் கட்டைவிரலைத் திரையின் ஓரத்தில் ஊன்றி, ஆள்காட்டி விரலை நீட்டித் தொட்டார். தவறியது. மறுபடி தொட்டார். அப்புறம் அருளப்பனை எதிரே உட்காரவைத்து, ஒவ்வொரு கட்டமாக. வெள்ளிக்கிழமையும் அதே கூத்து.

"என்னையே ஏன் பாக்கறீங்க? திரையைப் பாருங்க."

மேடம் சிரித்தார். விரல் மட்டும் நகர்ந்துகொண்டே இருந்தது.

சனிக்கிழமை மேடத்தின் வரிசையில் நாலே பேர். சூப்பரிண்டெண்ட் வந்து நின்றார், பார்த்தார், தலையாட்டிவிட்டுப் போனார். எனக்கானால் கைதட்ட வேண்டும்போல இருந்தது. அவ்வளவு பெருமை!

அருளப்பன் எட்டிப் பார்த்தார். "எப்படி குருவே? பேர் அடிக்க மட்டும் ஒரு பார்வை. மத்ததுக்குக் குனியவே மாட்டேங்கறீங்க!"

எதிரே கைக்குழந்தையோடு நின்றவள் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமலே மேடம் சொன்னார்.

"அந்தத் திரைக்கு ஒரு விரல் போதும் அண்ணே. கண்ணு, வர்றவங்களுக்கு."