எதிர்க்கரைக் கொம்பு

"இதுவும் என் தம்பி கொம்பு இல்ல தாயி," என்றார் சங்கிலிமாடன்.

தலை நரைத்த பிறகு ஊதுகொம்பு செய்யும் பட்டறைக்குத் தொழில் பழக வந்தவர் அவர். கற்றுக்கொடுத்த பூரணி அவரைவிட வயதில் மிகவும் இளையவள்.

தம்பி இறந்தபோது அவன் கொம்பையும் கூடவே புதைத்துவிட்டார்கள். அந்த ஒலியை இன்னொரு தடவை கேட்டுவிட வேண்டும். சங்கிலிமாடனுக்கு வேறு ஆசையே இல்லை. அதற்காகத்தான் உலைக்கு முன்னால் வெந்துகொண்டிருந்தார்.

பித்தளைத் தகட்டைக் குழலாகச் சுருட்டிப் பற்றவைப்பார். வளைக்கும்போது நசுங்காமல் இருக்க உள்ளே அரக்கை உருக்கி ஊற்றுவார். வளைத்து முடித்ததும் சூடு காட்டி வடித்துவிடுவார். வேலையில் குறை சொல்ல முடியாது.

பிறகு ஊதிப் பார்ப்பார். முகம் விழுந்துவிடும். சுத்தியலை எடுத்து மறுபடி தகடாக அடித்துப் போடுவார். பித்தளை என்ன பாவம் செய்ததோ!

இன்றும் சுத்தியலைத் தேடினார். அது பூரணியின் கையில் இருந்தது.

"இதுல என்ன குறையுது அண்ணாச்சி?"

"அவன் ஊதினா நெஞ்சைப் பிடிச்சு இழுக்கும். இது வெறும் சத்தம்."

"அவரு ஊதும்போது நீங்க எங்க நிப்பீய?"

"எங்க நிப்பேன்? சாமி ஆத்தைக் கடக்கையில ரெண்டு கரையிலயும் கொம்பு ஊதணும்லா. அவன் அக்கரை, நான் இக்கரை. அவன் ஊதி முடிச்சதும் நான் பதில் ஊதுவேன்."

"இப்ப?"

"அவன் போனப்புறம் என் கொம்பை நான் தொடல தாயி."

"அதை எடுத்துக்கிட்டு ஆத்துக்கு வாங்க."

ஆற்றில் முழங்கால் அளவுதான் தண்ணீர். அவரை அவருடைய பழைய கொம்போடு இக்கரையில் நிறுத்திவிட்டு, அவர் செய்த புதுக் கொம்போடு பூரணி இறங்கி நடந்தாள். அக்கரை ஏறினாள். அவர் பக்கம் திரும்பி நின்று ஊதினாள்.

சங்கிலிமாடன் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார்.

அதே குரல். கொஞ்சமும் மாறவில்லை.

அடித்து நொறுக்கிய கொம்புகள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. அழுகையை அடக்க முடியவில்லை.

"இன்னொரு தடவை ஊது தாயி!" என்று கத்தினார். "ஒரே ஒரு தடவை!"

பூரணி கொம்பை வாயிலிருந்து எடுத்தாள்.

"அவரு ஊதி முடிச்சுட்டாரு அண்ணாச்சி. இப்ப யாரு முறை?"