இன்னொரு தடவை

முதலில் தண்ணீர்ச் சத்தம்தான் கேட்டது.

கம்பிக் கதவுக்கு வெளியே நின்ற மருதாசலம் காதைக் கொடுத்தார். குழாய்ச் சத்தம் இல்லை. யாரோ செம்பில் மொண்டு ஊற்றுகிறார்கள். ஊற்றி, நிறுத்தி, மறுபடி ஊற்றி.

"டீச்சர்."

"பின்னால வாங்ணா. தொறந்துதான் கெடக்குது."

வீட்டுக்குப் பின்னால் பொடக்காணியில் ஜெஸிந்தா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்.

அவர் மருதாசலத்தைவிடப் பதினைந்து வயது சின்னவர். அவரும் மருதாசலம் மாதிரியே கல்யாணங்களுக்குப் படம் எடுப்பவர்தான். பிலிம் போய் டிஜிட்டல் வந்தபோது பொள்ளாச்சி போட்டோகிராபர்கள் பல பேருக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுத்தார். மற்றவர்கள் கற்றுக்கொண்டு போய்விட்டார்கள். மருதாசலம் மட்டும் இன்னும் டீச்சர் என்று கூப்பிட்டுக்கொண்டு வந்துபோகிறார். தொழிலில் பாதி சந்தேகம், மீதி வேறு சந்தேகம்.

"டீச்சர், எனக்கு ஒரு கல்யாணம் பாக்கணும்."

"முகூர்த்தம் தவறாமப் பாக்கறீங்களே."

"எடுத்திருக்கனுங். பாத்ததில்லீங்."

ஜெஸிந்தா ஒரு வாணலியைத் திருப்பிப்போட்டுத் தேய்த்தார்.

"யாரு கல்யாணம்? உங்க மக சிந்துஜா கல்யாணமா?"

"ஆமாங். அம்மிணி ஒரு கண்டிசன் போட்டிருக்குது. அன்னைக்கு நான் கேமராவைத் தொடக் கூடாதாம். அப்பாவா வந்து நில்லுங்ப்பா, அது போதும்ங்குது."

"நியாயந்தானே."

"நியாயந்தானுங். எனக்கு அது வரோணுமே. அவ பொறந்தப்ப, கையில வாங்கறதுக்கு முன்னால ஒரு பிரேம் எடுத்தேன். நர்சு புள்ளைய நீட்டிக்கிட்டே நின்னுட்டு, 'மொதல்ல வாங்குய்யா'ன்னு சத்தம் போட்டுது."

"அந்தப் படம் நல்லா வந்துதா?"

"அருமையா வந்துது. அதுதானுங் தொந்தரவே." அவர் துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்தார். "கண்ணை மூடுனா அவ மொகம் வர மாட்டேங்குது. போட்டோதான் வருது. எந்த வருசம், எந்த லென்சுன்னுகூடச் சொல்லுவேன். மொகம் வரலை."

ஜெஸிந்தா வாணலியைக் கவிழ்த்து வைத்தார்.

"தாரை வார்த்துக் குடுக்கற அந்த நேரம். அதை மட்டுமாவது என் கண்ணால பாக்கணும் டீச்சர். எப்படிப் பாக்கறதுன்னு சொல்லிக்குடுங்."

ஜெஸிந்தா சோப்பு நுரை அப்பிய இரண்டு கைகளையும் நீட்டினார்.

"இந்தச் செம்புல மொண்டு ஊத்துங்ணா. கொழாய் வரலை."

மருதாசலம் மொண்டு ஊற்றினார். எதிர்ச் சுவரில் முருங்கைமரத்து இலைகளுக்குள் புகுந்து சாயங்கால வெயில் விழுந்திருந்தது. பொடிப்பொடியாக, ஆடிக்கொண்டு.

"அந்தச் செவுத்துல வெளிச்சத்தைப் பாத்தீங்களா. ஒரு பொண்ணை மட்டும் அங்க நிக்க வெச்சா..."

"அண்ணா."

"சொல்லுங்."

"தண்ணி கீழ போவுது."

அவர் குனிந்து பார்த்தார். தண்ணீர் டீச்சரின் காலில் விழுந்துகொண்டிருந்தது. கையில் நுரை அப்படியே இருந்தது.

இப்போது ஏதாவது சொல்வார் என்று மருதாசலம் காத்திருந்தார். ஜெஸிந்தா செம்பை வாங்கித் தானே கழுவிக்கொண்டார்.

"கல்யாணத்தை நான் எடுக்கறேன். ஆனா எனக்கும் ஒரு கண்டிசன்."

"நீங்களுமா?"

"மேடையில நீங்க எனக்கு எதுவும் சொல்லக் கூடாது."

"வாயே தொறக்க மாட்டனுங்," என்றார் மருதாசலம்.

*

கல்யாணத்தன்று காலையில் பட்டுவேட்டி கட்டிக்கொண்டு மண்டபத்தில் நின்றார். வலது கை அடிக்கடி நெஞ்சுப்பக்கம் போய், ஒன்றும் கிடைக்காமல் திரும்பியது.

மனைவியின் தம்பி கருணாகரன் கவனித்துவிட்டான்.

"என்னங் மாமா, நெஞ்சு வலியா?"

"கேமரா இல்லை மாப்ள."

"இத்தனை வருசத்துல இன்னைக்குத்தான் உங்க மொகத்தை முழுசாப் பாக்கறேன். மூக்கு இவ்வளவு பெருசுன்னு தெரிஞ்சிருந்தா அக்காவைக் குடுத்திருக்க மாட்டோம்."

மருதாசலம் சிரித்தார். சிரிக்கும்போதே, இதை யாராவது எடுத்தார்களா என்று கண் தேடியது.

அவர்கள் வகையறாவில் ஒரு வழக்கம். பெண்ணைப் பெற்றவன் பந்திக்குத் தன் கையால் தண்ணீர் வைக்க வேண்டும். காலை டிபன் பந்தியில் அவர் கூஜாவோடு வரிசை வரிசையாகப் போனார். ஜன்னல் வெளிச்சம் டம்ளர்களில் நன்றாக விழுந்தது. மூன்று பேருக்கு வழிய வழிய ஊற்றினார்.

"பெண்ணோட அப்பாவை மேடைக்குக் கூப்பிடறாங்க," என்று யாரோ வந்து சொன்னார்கள்.

கூஜாவை ஜன்னல் திண்டில் வைத்துவிட்டு ஓடினார்.

மேடையில் சடங்கு செய்கிற பெரியவர் செம்பை அவர் கையில் கொடுத்தார். பக்கத்தில் மனைவி மரகதம். எதிரே மகள். மாப்பிள்ளையின் இரு கைகளுக்குள் அவள் கை.

"ஊத்துங்க," என்றார் பெரியவர்.

மருதாசலம் செம்பைச் சாய்த்தார்.

அதே நேரம் கீழேயிருந்து ஒரு செல்போன் எழும்பியது. யாரோ கையை உயர்த்திப் படம் எடுக்கிறார்கள். அந்தக் கை நேராக ஜெஸிந்தாவுக்கு முன்னால். போதாததற்கு வீடியோக்காரரின் லைட் மாப்பிள்ளையின் நெற்றியில் அடித்து மின்னியது. ஜெஸிந்தா நகராமல் நிற்கிறார். நிற்கிற இடமும் தப்பு. இரண்டடி இடதுபக்கம் வந்தால் மூன்று முகமும் கிடைக்கும்.

மருதாசலம் வாயைத் திறக்கவில்லை.

புருவத்தை உயர்த்தினார். தாடையை அசைத்தார். இடது கையை இடுப்போரம் வைத்து இரண்டு விரலால் காட்டினார். இங்கே. இந்தப்பக்கம்.

செல்போன் இறங்கியது. அப்பாடா என்றிருந்தது அவருக்கு.

"போதுமுங், போதுமுங்," என்றார் பெரியவர்.

மருதாசலம் கையைப் பார்த்தார். செம்பு காலி.

பெரியவர் அதை வாங்கிக் கீழே வைத்தார். மேளக்காரர்கள் வேறு எதற்கோ வாசிக்க ஆரம்பித்தார்கள். மேடை அடுத்த சடங்குக்குப் போய்விட்டது.

*

சடங்குகள் முடிந்ததும் தூணோரத்தில் ஜெஸிந்தாவைப் பிடித்தார்.

"காட்டுங் டீச்சர்."

ஜெஸிந்தா கேமராவைத் திருப்பிக் காட்டினார்.

சின்னத் திரையில் தண்ணீர் ஒரு கயிறு மாதிரி நின்றது. மாப்பிள்ளை கையைப் பார்க்கிறான். மரகதம் மகளைப் பார்க்கிறாள். சிந்துஜா நிமிர்ந்து அப்பாவைப் பார்க்கிறாள். கீழுதடு ஒரு பக்கமாகக் கோணியிருக்கிறது. அழுகை இன்னும் வரவில்லை, கிளம்பிவிட்டது.

அப்பா கேமராவைப் பார்க்கிறார். ஒரு புருவம் மேலே. இடுப்போரம் இரண்டு விரல்.

"நல்ல பிரேம்," என்றார் மருதாசலம். பழக்கத்தில் வந்துவிட்டது.

கேமராவைக் கண்ணருகே இழுத்துப் பார்த்தார்.

"நான் வாயே தொறக்கலீங்களே டீச்சர்."

"தொறக்கலை."

"அம்மிணி இப்படிப் பாத்துதுங்களா என்னை?"

"பாத்துது."

மருதாசலம் மேல்துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"எல்லாரும் மேடையிலதான் இருக்கறாங்க. இன்னொரு தடவை எடுத்துக்கலாமுங்."

இன்னொரு தடவை. அவர் எல்லா மேடையிலும் சொன்ன வார்த்தை அது. சார், மாலையை இன்னொரு தடவை மாத்துங்க. அம்மா, பொட்டை இன்னொரு தடவை வைங்க. பாட்டிம்மா, இப்ப அழுதீங்களே, அதே மாதிரி. ஒருவர்கூட மாட்டேன் என்று சொன்னதில்லை. போட்டோக்காரர் சொன்னால் ஊரே திரும்ப ஒரு தடவை நிற்கும்.

"யாருக்கு?" என்றார் ஜெஸிந்தா.

"ஆல்பத்துக்கு."

"ஆல்பத்துக்கு இது போதும்."

மருதாசலம் தரையைப் பார்த்தார். யாரோ உதிர்த்த அட்சதை கிடந்தது.

"எனக்கு."

ஜெஸிந்தா லென்சுக்கு மூடி போட்டார்.

"உங்களுக்குன்னா நான் எதுக்குங்ணா?"

*

இருந்தாலும் மேடை ஏறினார்.

பெண்ணும் மாப்பிள்ளையும் சாப்பிடப் போகும் முன் சற்று உட்கார்ந்திருந்தார்கள். சிந்துஜா அப்பாவின் முகத்தைப் பார்த்ததுமே கண்டுபிடித்துவிட்டாள்.

"என்னங்ப்பா, இன்னொரு தடவையா?"

மாப்பிள்ளைக்குப் புரியவில்லை. அவள் அவன் பக்கம் திரும்பினாள்.

"எங்க வீட்டுல பொறந்தநாளுக்கு மெழுகுவத்தியை ரெண்டு தடவை ஊதணும். மொதத் தடவை நான் ஊதறது. ரெண்டாந்தடவை கேமராவுக்கு. கேக்கை வெட்டறதுக்குள்ள எனக்குத் தூக்கம் வந்துரும்."

"அப்ப இங்கயும் ரெண்டு தடவையா?" என்றான் மாப்பிள்ளை. நல்ல பையன். அவனும் கையை ஏந்தத் தயாராக இருந்தான்.

"சொல்லுங்ப்பா. ஊத்தறதுன்னா ஊத்துங்க. செம்பு அங்கதான் இருக்குது."

அவள் கையை நீட்டினாள்.

தலையை லேசாகச் சாய்த்தாள். தாடையை இறக்கினாள். கண்ணை மட்டும் உயர்த்தினாள். உதட்டில் அரைச் சிரிப்பு.

மருதாசலம் அந்த முகத்தைப் பார்த்தார். அழகான முகம். ஒவ்வொரு பிறந்தநாளிலும் அவர் சொல்லிச் சொல்லிப் பழக்கிய முகம். அதில் ஒரு குறையும் இல்லை.

நீட்டிய கை காய்ந்திருந்தது.

"வேண்டாம் அம்மிணி."

"ஏனுங்ப்பா?"

"சும்மாதான் வந்தேன்."

அவர் மேடையின் பின்படி வழியாக இறங்கினார். மரகதம் ஏதோ கேட்டாள். காதில் விழவில்லை என்கிற மாதிரி போய்விட்டார்.

*

சாப்பாட்டுக் கூடத்தில் இலை போட்டாகிவிட்டது. கூஜா வைத்த இடத்திலேயே ஜன்னல் திண்டில் இருந்தது.

எடுத்துக்கொண்டார். டம்ளருக்கு டம்ளர் வைத்துக்கொண்டு போனார். அவரை யாரும் கூப்பிடவில்லை. கைக்கு ஒரு வேலை இருந்தது, அது நெஞ்சுப்பக்கம் போகவில்லை.

பந்தி பாதியில் கை கழுவுகிற இடத்திலிருந்து சத்தம் வந்தது.

"ஏனுங், கொழாய் வரலீங்."

மோட்டார் போட ஆள் ஓடியது. அதற்குள் அங்கே கூட்டம் சேர்ந்துவிட்டது. ரசமும் பாயசமும் ஒட்டிய கைகளைத் துணியில் படாமல் தூக்கிக்கொண்டு நின்றார்கள்.

மருதாசலம் கூஜாவை வைத்துவிட்டு ஒரு வாளியை இழுத்துப்போட்டார். சமையல்கட்டிலிருந்து செம்பு வாங்கிவந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மொண்டு ஊற்ற ஆரம்பித்தார்.

ஒரு ஜோடிக் கை. அடுத்த ஜோடி. குழந்தையின் கை. சுண்ணாம்புக் கறை படிந்த ஒரு கிழவரின் கை. முகத்தைப் பார்க்கவே நேரமில்லை.

"என்னங் மாமா, நல்ல வேலைதான் கெடைச்சிருக்குது," என்று கருணாகரனும் கையை நீட்டிவிட்டுப் போனான்.

பிறகு மருதாணிக் கை ஒன்று வந்தது. மோதிரம் கொஞ்சம் பெரிது, சுற்றிச் சுழன்றது. விரலிடுக்கில் பாயசம்.

அவர் நிமிர்ந்தார்.

சிந்துஜா கூந்தல் பூ சரிந்து, வேர்த்து, மை லேசாகக் கலைந்து நின்றாள். பசிக்குச் சாப்பிட்ட முகம். யாருக்காகவும் வைத்துக்கொள்ளாத முகம். வலது காதுக்குக் கீழே சின்னதாய் ஒரு மச்சம் இருந்தது. அவர் எந்தப் படத்திலும் பார்த்ததில்லை. அல்லது பார்த்து, கம்ப்யூட்டரில் அழித்திருக்க வேண்டும்.

அவர் ஊற்றினார்.

அவள் கைகளைத் தேய்த்தாள். ஏதோ சொல்லவந்து அப்பாவைப் பார்த்தாள். கீழுதடு ஒரு பக்கமாகக் கோணியது.

செம்பில் தண்ணீர் தீர்ந்துகொண்டே வந்தது. கூட்டம் பின்னால் தள்ளியது. மாப்பிள்ளை கையைத் தூக்கிக்கொண்டு நின்றான். மேலே ட்யூப்லைட் மினுக்கிக்கொண்டிருந்தது. மோசமான வெளிச்சம்.

"அப்பா."

"ம்."

"தண்ணி கீழ போவுதுங்ப்பா."

அவள் கைகள் எப்போதோ விலகியிருந்தன. தண்ணீர் தரையில் விழுந்து அவர் கால்களை நனைத்துக்கொண்டிருந்தது.

"போகட்டும் அம்மிணி," என்றார்.

அவள் ஈரக் கையால் அவர் முழங்கையை ஒரு தடவை பிடித்தாள். மாப்பிள்ளை கழுவிக்கொண்டான். இருவரும் போனார்கள்.

அடுத்த கை நீண்டது. ஜெஸிந்தாவின் கை. கேமரா மூடியோடு தோளில் தொங்கியது.

மருதாசலத்தின் கண் அந்த மூடிக்குப் போனது.

"நான் எடுக்கலீங்ணா," என்றார் ஜெஸிந்தா. "கையெல்லாம் ரசம்."

மருதாசலம் வாளிக்குள் குனிந்து செம்பில் தண்ணீர் மொண்டார்.