மூணாம்பிறை யார் வீட்டு ஓட்டுமேல?

ஒரு ஊர்ல ஒரு தெரு இருந்துச்சாம், அதுல ஒரு பொறாமைக்காரி இருந்தாளாம். காலை ஆட்டாதே. 'ம்' சொல்லலைன்னா நிறுத்திடுவேன்.

"ம்."

பேரு வடிவாம்பா. கிழக்கு வரிசை வீடு. நேர் எதிர்ல, மேற்கு வரிசையில, அவ ஓரகத்தி மரகதம். மாசாமாசம் சாயங்காலம் மூணாம்பிறை பாக்க வடிவாம்பா வாசலுக்கு வருவா. அது பளிச்சுனு மரகதம் வீட்டு ஓட்டுமேலயே உக்காந்திருக்கும். இவளுக்கு வயிறு குபுகுபுன்னு எரியும். "அதான் அவ மாடு மட்டும் அத்தனை பால் கறக்குது!"

முதல்ல பாயசம் வெச்சுக் கூப்பிட்டா. பிறை அசையல. அப்புறம் கிறீச் கிறீச்சுனு ஏணி போட்டுத் தன் ஓட்டுமேல ஏறினா. அப்பவும் அது எதிர்வீட்டுப் பக்கம்தான். மூணாவதா, நேராவே போய்க் கேட்டுட்டா.

"மரகதம், வீட்டை மாத்திக்கலாமா?"

"எனக்குச் சரிக்கா. ஆனா இந்தக் கிணறு உப்பு. உங்களுது நல்ல தண்ணி."

"உப்புன்னா நாக்கு தேஞ்சா போயிடும்?"

அப்புறம் என்ன, தடபுடன்னு பாத்திரம் இடம் மாறிச்சு. அடுத்த பிறைக்கு வடிவாம்பா புது வீட்டு வாசல்ல நின்னு அண்ணாந்து பாத்தா, ஓட்டுமேல ஒண்ணுமில்ல! கொல்லைக்கு ஓடினா. பின்தெருப் புளியமரத்துமேல ஒய்யாரமா உக்காந்திருக்கு.

"ஏன் தள்ளிப் போச்சு?"

பஸ்ல போறப்ப மரமெல்லாம் பின்னால ஓடும், நிலா மட்டும் கூடவே வரும், பாத்திருக்கல்ல? அவ்ளோ தூரம் அது. எவ ஓட்டுமேலயும் உக்கார்றதில்ல. நாம நிக்கற இடத்துலேர்ந்து அப்படித் தெரியுது. அதைப் புரிஞ்சுக்காம வீட்டையே மாத்தினா பாரு, மண்டு!

அப்புறம் பௌர்ணமி வந்துச்சு. முழு நிலா சாயங்காலம் கிழக்குலதானே உதிக்கும்? வடிவாம்பா வாசலுக்கு வந்தா, எதிர்ல, தன் பழைய வீட்டு ஓட்டுமேல, தகதகன்னு முழு நிலா ஏறுது!

"அடிப்பாவி, மரகதம்! அது என் வீட்டு நிலாடி!"

"எங்கக்கா? இங்க ஓட்டுமேல ஒண்ணும் காணோமே! அந்த வீட்டுல இருந்தப்ப வருஷக்கணக்கா பௌர்ணமி நிலாவை இந்த ஓட்டுமேல பாத்துதானே நானும் வயிறெரிஞ்சேன். அதுக்குத்தானே மாத்தவே சம்மதிச்சேன். இப்ப என்னடான்னா, மூணாம்பிறை அன்னிக்குப் பாத்தா அது உங்க ஓட்டுமேல!"

ரெண்டு பேரும் ஒருத்தி கூரையை ஒருத்தி இன்னும் முறைச்சுக்கிட்டுதான் நிக்கறாங்க.

"ம்... யாரு ஜெயிச்சா?"

மரகதம்தான். அவ காபி நல்ல தண்ணியில. வடிவாம்பா காபி உப்புக் கரிக்குது.

கதை காலி, கண்ணை மூடு.