கம்பி அவிழ்க்காத ராணி

எந்தக் காலம், எந்த நாடு என்று கேட்டு என்னை மடக்காதீர்கள். மலையோரத்தில் ஒரு நாடு இருந்தது, அதை ஒரு ராணி ஆண்டாள், அவ்வளவுதான் எனக்குத் தெரியும். அவள் பெயர் அலர்நங்கை. கணவன் போரில் போய்விட்டான், பிள்ளையும் இல்லை. பகலெல்லாம் கும்பிட ஆயிரம் பேர் வருவார்கள். பொழுது சாய்ந்தால் பேச ஒருத்திதான் இருந்தாள், மலைக்கிராமத்திலிருந்து வந்த தோழி சேந்தி.

ராணிக்கு ஒரு கைவேலை உண்டு. பெரிய மரத்தைச் சின்னத் தட்டில் வளர்ப்பாள். ஒரு வருஷம் நாற்றங்காலிலிருந்து ஓர் இச்சிக் கன்றை எடுத்து வந்தாள். ஆலமரத்துக்குப் பங்காளி அது, விட்டால் அரண்மனைச் சுவரையே பிளந்துவிடும். அதன் ஆணிவேரை நறுக்கினாள். நுனியைக் கிள்ளினாள். கிளைகளில் செப்புக் கம்பி சுற்றி, தான் உட்காரும் பக்கமாக வளைத்தாள். மரம் தன்னைப் பார்த்துச் சாய்ந்திருப்பதில் அவளுக்கு அப்படி ஓர் ஆறுதல்.

அந்தக் கோடையில் சேந்தி வந்து நின்றாள். ஊரில் தாய் தனியாக இருக்கிறாள், ஒரு தரம் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றாள். ராணிக்கு அவளை விட மனமில்லை. போகாதே என்று சொல்லவில்லை. தன் கழுத்து முத்துமாலையைக் கழற்றி அவள் கழுத்தில் போட்டாள். அதை வாங்கிக்கொண்டு உடனே எப்படிக் கிளம்புவது? சேந்தி இருந்துவிட்டாள்.

ஆடியில் மறுபடி கேட்டாள். தாய்க்குக் கண் மங்கிவிட்டதாம். ராணி அவளுக்குத் தனி வீடு கட்டிக் கொடுத்தாள். ஆவணியில் மூன்றாம் முறை கேட்டாள். தாய் படுத்த படுக்கையாம். ராணி அவளை அந்தப்புரத்துக்கே தலைவியாக்கினாள். நன்றி கெட்டவள் என்ற பேர் வேண்டாம் என்று சேந்தி வாயை மூடிக்கொண்டாள். பெரிய இடத்தில் கொடுப்பதை வேண்டாம் என்று சொல்வது லேசான காரியமா, நீங்களே சொல்லுங்கள்.

மழைக்கு முன் கம்பியை அவிழ்க்க வேண்டும் என்பது ராணிக்குத் தெரியாததல்ல. மழையில் கிளை பருக்கும், கம்பி பருக்காது. ஆனாலும் அவளுக்குப் பயம். அவிழ்த்தால் கிளை நிமிர்ந்து வேறு பக்கம் திரும்பிவிடுமோ? இன்னும் நாலு நாள் போகட்டும் என்று விட்டாள். ஐப்பசி மழை கொட்டித் தீர்த்தது.

வெயில் வந்த அன்று பார்த்தால், கம்பி பட்டைக்குள் புதைந்து கிடந்தது. ஒரு கிளை காய்ந்தே போயிருந்தது. ராணி பதறிப்போய்க் குறடை எடுத்தாள். சேந்தி தட்டைப் பிடித்துக்கொள்ள, கம்பியைத் துண்டு துண்டாக வெட்டி எடுத்தாள். வெட்டின இடமெல்லாம் பால் வடிந்தது. மிச்சமிருந்த கிளைகள் நிமிரவே இல்லை. அவை எப்போதோ அவள் பக்கமாகப் படிந்துவிட்டிருந்தன.

"இத்தன வலிச்சிருக்கே, ஒரு இலையாவது முன்னாடியே வாடிக் காட்டியிருக்கக் கூடாதா?" என்றாள் ராணி.

சேந்தி தலை நிமிரவில்லை. "எப்படிம்மா காட்டும்? தண்ணி ஊத்துறதும் நீங்கதானே" என்றாள்.

ராணி குறடைக் கீழே வைத்தாள். தான் சுற்றிய கம்பிகள் மரத்தில் மட்டும் இல்லை என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அன்றைக்கே வண்டி கட்டச் சொல்லிச் சேந்தியை அனுப்பிவைத்தாள்.

வண்டிக்காரன் மட்டும் திரும்பி வந்தான். தாய் மழைக்காலத்திலேயே கண்ணை மூடிவிட்டாளாம். கடைசிவரை, வாசலில் யார் காலடி கேட்டாலும் சேந்தியா என்று கேட்டாளாம். சேந்தி என்ன சொன்னாள் என்று ராணி கேட்டாள். குடிசையைக் கூட்டிக்கொண்டிருந்தாள் என்றான் அவன்.

சேந்தி பிறகு வரவே இல்லை. ராணி ஆளனுப்பவும் இல்லை, அந்த அளவுக்கு அவளுக்குப் புத்தி வந்திருந்தது. பொழுது சாய்ந்தால் பழைய இடத்தில் உட்கார்ந்து பேச வாயெடுப்பாள். கேட்க ஆளிருக்காது. வெறுமனே எழுந்து உள்ளே போவாள்.

ஆகையால் கேட்டுக்கொள்ளுங்கள்: பிரியத்தால் கட்டினாலும், அவிழ்க்க வேண்டிய நேரத்தில் அவிழ்க்காத கட்டு காயத்தைத்தான் தரும்.