நேர்மைக்குன்று விற்ற ஓடம்

முன்னொரு காலத்தில், கூச்சலைப் பொறுக்காத அரசர் ஒருவர் இருந்தார். கடைத்தெருவில் பேரம் பேசும் ஒலி அரண்மனை மாடம்வரை எட்டுகிறது என்பதற்காக, ஒரு கார்காலத் தொடக்கத்தில் அவர் சந்தையையே மூடச் செய்தார். அதற்கு ஈடாக எழுந்ததே ஓலை அங்காடி. விற்க விரும்புவோர் பொருளின் படத்தை வரைந்து, அதன் சிறப்பை எழுதி, ஒரு புனைபெயரிட்டு ஓலையை மண்டபத்தில் தொங்கவிட வேண்டும். அங்காடி அதிகாரி ஏகம்பர் அதன்மேல் அரச முத்திரையைப் பதிப்பார். வாங்குபவர் ஓலையைத் தேர்ந்தால், பொருளைச் சுமையாட்கள் வீடு சேர்ப்பார்கள். விற்றவரின் முகத்தை எவரும் காண்பதில்லை. நகரம் அமைதியாயிற்று. ஏமாந்தவர்களும் அமைதியாகவே ஏமாந்தார்கள்.

ஆற்றுத்துறையின் ஓடக்காரன் மாசிலான். ஐப்பசி வெள்ளம் அவனுடைய ஓடத்தையும், அதைக் காக்கப் போன மூத்த மகனையும் ஒரே இரவில் கொண்டுபோயிற்று. துக்கம் கழியும் முன்பே துறைத்தலைவர் வழக்கத்தை நினைவூட்டினார்: கார்த்திகை அமாவாசைக்குள் ஓடம் ஓடாவிட்டால் துறை உரிமை வேறொருவருக்குப் போகும். தலைமுறைகளாக அவன் குடும்பத்துக்கு இருந்த ஒரே பிழைப்பு அது. மாசிலான் வீட்டிலிருந்த காளைகள் இரண்டையும் கொடுத்து, 'நேர்மைக்குன்று' என்ற பெயரில் தொங்கிய பழைய ஓடமொன்றை வாங்கினான். 'நானே பயன்படுத்தியது, குறையேதுமற்றது' என்றிருந்தது ஓலை.

ஓடம் வந்தது. முதல் பயணத்திலேயே நடு ஆற்றில் அதன் அடிப்பலகை வழியாக நீர் ஏறியது. இரண்டு பயணிகளைத் தோளில் தாங்கிக்கொண்டு அவன் நீந்திக் கரையேறினான்.

மூன்று முறை முறையீட்டு ஓலை எழுதி அங்காடிப் பெட்டியில் போட்டான். மூன்று முறையும் ஒரே கையெழுத்தில் ஒரே விடை வந்தது: 'தங்கள் மனவருத்தம் எங்கள் மனவருத்தமே. ஏழு நாள் பொறுத்தருள்க.' நான்காம் முறை வேறு விடை: பொருளைச் சுற்றி வந்த வைக்கோலும் கயிறும் அப்படியே திரும்பினால் மட்டுமே மாற்றித் தரப்படும். வைக்கோலை அவன் மனைவி அடுப்பில் எரித்துவிட்டிருந்தாள்.

அமாவாசைக்கு இரண்டு நாளிருக்கையில் அவன் அரசவை விகடகவி நக்கண்ணனின் வாசலில் நனைந்தபடி நின்றான்.

"ஓடம் வந்ததும் நீ சோதிக்கவில்லையா?" என்று கேட்டார் நக்கண்ணன்.

"கரையில ஏத்தி, உள்ள தண்ணி நெறச்சு, வெளிப்பக்கம் எங்க கசியுதுன்னு பாக்குறதுதான் எங்க வழக்கமுங்க. இதுல ராசா முத்திரை இருந்துச்சு. முத்திரையப் பாத்துட்டு எவன் தண்ணி நெறப்பான்? முங்குனத இழுத்துக் கரையேத்துனதுக்கு அப்புறம்தான் நெறச்சுப் பாத்தேன்."

"எங்கே கசிந்தது?"

"மேல பாத்தா ஏழு கீறல் இருக்கு. அதுல ஒண்ணும் கசியல. நான் ஒக்காருற பலகைக்கு நேர் கீழ, வழவழன்னு புதுச் சாயம் பூசியிருக்கான் பாருங்க, அங்கதான் ஒரு முழ விரிசல். மெழுகு வச்சு மூடியிருக்கான் புண்ணியவான்."

"இதை யாரிடம் சொன்னாய்?"

"கேட்டவங்க யாருமில்லீங்க."

"இனிமேலும் சொல்லாதே" என்றார் நக்கண்ணன்.

மறுநாள் நக்கண்ணன் வழக்கை அவைக்குக் கொண்டுவந்தபோது ஏகம்பர் முந்திக்கொண்டார்.

"அரசே, புனைபெயரைக் காப்பது அங்காடியின் அறம். நம் நக்கண்ணரோ பேரறிவாளர். எவரையும் ஒரு கேள்வியும் கேட்காமல், விற்றவரை நாளை அவையில் நிறுத்தட்டுமே. இயலாவிடில் அவையை விட்டு விலகட்டும்."

நக்கண்ணனின் நாவால் புண்பட்டிருந்த அவையினர் பலர் தலையசைத்தனர். விளையாட்டில் பிரியமுள்ள அரசரும் அதையே ஆணையாக்கினார்.

"மனிதரை ஒன்றும் கேட்கமாட்டேன், அரசே" என்றார் நக்கண்ணன். "ஓடத்தை நீரில் விட மட்டும் அனுமதி வேண்டும்." பிறகு ஓர் ஓலையில் எதையோ எழுதி, முடிச்சிட்டு அரசரிடம் கொடுத்தார். "இதை நாளை நான் வேண்டும்போது பிரித்தருள்க."

அமாவாசை அன்று வானம் ஈயத்தைப் போலிருந்தது. அரண்மனைக் குளம் மழையால் படிவரை நிறைந்திருந்தது. கரையில் அந்த ஓடம். ஏகம்பர் உட்பட அவையினர் பதின்மரும் அதிலேறிக் குளத்தைக் கடக்க வேண்டும் என்று நக்கண்ணன் அறிவித்தார். ஒவ்வொருவர் கையிலும் நெல்லிக்காயளவு இளக்கிய அரக்கை வைத்தார்.

"பெருமக்களே, ஓடத்தில் ஓட்டை இருப்பது உண்மை. எங்கே என்று நான் சொல்லப்போவதில்லை, உங்களையும் கேட்கப்போவதில்லை. அவரவர் உயிருக்கு அவரவரே பொறுப்பு. விரும்பிய இடத்தில் அப்பிக்கொள்ளுங்கள்."

"எனக்கு நீச்சல் தெரியாதையா" என்றார் புரோகிதர்.

"அப்படியானால் நன்றாகவே அப்புங்கள், சுவாமி."

ஒன்பது பேரும் ஓடத்துக்குள் ஏறிக் குனிந்து, கண்ணுக்குத் தெரிந்த கீறல்களின்மேல் பதற்றத்தோடு அரக்கை அழுத்தினர். ஏகம்பர் கடைசியாக நின்றார். குளத்தைப் பார்த்தார், கையிலிருந்த உருண்டையைப் பார்த்தார். பிறகு கீறல்களை ஒருமுறைகூட நோக்காமல், ஓடக்காரனின் இருக்கைக்குக் கீழே கையை நுழைத்து, வழவழப்பான சாயத்தின்மேல் அதை அப்பி, கட்டைவிரலால் ஒரு முழ நீளத்துக்கு இழுத்துத் தேய்த்தார்.

"இப்போது பிரித்தருள்க, அரசே."

அரசர் ஓலையைப் படித்தார்: 'ஓடக்காரன் இருக்கைக்கு நேர் கீழே; கண்ணுக்குத் தெரியாது; ஒரு முழ நீளம்.'

அரக்கின்மேல் வைத்த கையோடு ஏகம்பர் திரும்பினார். "தற்செயல், அரசே. மனம் போன இடத்தில் அப்பினேன்."

"நல்லது" என்றார் நக்கண்ணன். "அப்படியானால் அரக்கை எடுத்து வேறொரு கீறலில் அப்பிவிட்டு அமரட்டும். புறப்படலாம்."

ஏகம்பரின் கை அந்த இடத்தை விட்டு எழவில்லை.

அரசர் சிரிக்கத் தொடங்கினார். ஓடத்துக்குள்ளிருந்த ஒன்பது பேரும் இறங்குவதற்குப் பாதியும் சிரிப்பதற்குப் பாதியுமாகத் தடுமாறினர். காளைகள் மாலைக்குள் திரும்ப வேண்டும் என்றும், ஏகம்பர் இனித் திறந்த வெளியில் தம் பெயர் சொல்லிக் கூவியே விற்க வேண்டும் என்றும் தீர்ப்பாயிற்று. நக்கண்ணனுக்குப் பரிசாக அரசர் தம் நீர்விளையாட்டு ஓடத்தையே அளித்தார். அவர் அதன் கயிற்றை அப்படியே மாசிலானின் கையில் கொடுத்தார்.

துறைக்கு அரசரும் உடன் வந்தார். பொழுது சாய இன்னும் மூன்று நாழிகையே இருந்தது. மாசிலான் ஓடத்தை நீரில் இறக்கவில்லை. கரைமேல் நிறுத்தி, குடம் குடமாக ஆற்றுநீரை மொண்டு அதற்குள் ஊற்றத் தொடங்கினான்.

"அரசருடைய ஓடத்தையுமா சோதிக்கிறாய்?" என்றார் அரசர் சிரித்தபடியே.

அவன் குடத்தை இறக்கி வைக்காமலே சொன்னான்: "போன ஓடத்துலயும் ராசா முத்திரைதானுங்க இருந்துச்சு."

அரசர் இன்னொரு முறை சிரித்தார். ஆனால் அந்தச் சிரிப்பு நீளவில்லை. தலைப்பாகையைக் கழற்றி நக்கண்ணனிடம் கொடுத்துவிட்டு, ஓடத்தின் அடியில் குனிந்து, மாசிலானோடு சேர்ந்து பலகை பலகையாகக் கசிவைத் தேடலானார். ஒரு துளியும் கசியவில்லை. பொழுது சாயும் முன்னே ஓடம் அக்கரை சேர்ந்தது. துடுப்பின் அருகே, இருந்திருந்தால் மூத்த மகன் அமர்ந்திருக்கும் இடம் மட்டும் வெறுமையாக இருந்தது.