ஜாமீன் போட்ட சீடர்

"எனக்கு எப்பம்மா ஆரம்பிப்பீங்க?"

நல்லசிவம் இதைக் கேட்பது முதல் தடவை அல்ல. அரிசி களைந்துகொண்டிருந்த தையல்நாயகி அம்மா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"கடன் முடியட்டுங்க," என்றார்.

கேட்டவருக்கு ஐம்பது தாண்டிவிட்டது. கருவூலத்தில் எழுத்தர். பதில் சொன்னவர் அவரைவிடப் பத்து வயதாவது இளையவர். குரு என்றால் காவியும் தாடியும் தேடுகிறவர்கள் முசிறியில் அந்த வீட்டைக் கவனிக்காமலே தாண்டிப் போய்விடுவார்கள். அம்மாவுக்கு இட்லி மாவு அரைத்து விற்பதுதான் பிழைப்பு. சாயங்காலமானால் சிலர் பாத்திரத்தோடு வந்து மாவு வாங்கிப் போவார்கள். சிலர் வெறுங்கையோடு வந்து, உபதேசம் கேட்கக் கூடத்தில் உட்காருவார்கள்.

அந்த வீட்டின் மேல் வங்கியில் இருபது வருடக் கடன் இருந்தது.

முன்பு அது வாடகை வீடு. விற்கப் போகிறேன், முதலில் உங்களைக் கேட்கிறேன் என்று சொந்தக்காரர் வந்து நின்றபோது, அம்மாவைவிட அம்மாவிடம் வருகிறவர்கள்தான் துடித்துப்போனார்கள். இடத்தை விட்டுவிடாதீர்கள், நாங்கள் இருக்கிறோம் என்றார்கள்.

மாவு வியாபாரத்தை மட்டும் நம்பிப் பணம் தர முடியாது, சம்பளக்காரர் ஒருவர் ஜாமீன் போடட்டும் என்றது வங்கி.

மறுநாள் கூடம் காலி. ஒருவருக்கு மகள் கல்யாணம். ஒருவருக்கு வீட்டில் சம்மதம் இல்லை. இன்னொருவருக்குத் திடீரென்று முதுகுவலி.

நல்லசிவம் அங்கே வர ஆரம்பித்துச் சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. நான் போடுகிறேன் என்றார். அம்மா கேட்டார்.

"யோசிச்சீங்களா?"

"உங்களுக்குப் போடாம வேற யாருக்கும்மா போடப் போறேன்?"

நல்ல மனசுதான், அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் கையெழுத்தின் மை காய்வதற்குள் அந்த நல்ல மனசு கணக்குப் போடத் தொடங்கிவிட்டது.

மாவு விற்காவிட்டால் கடன் யார் தலையில்?

மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பார்கள். இவர் மடியில் இருந்ததோ அடுத்தவர் கனம். அன்றிலிருந்து ஒரு சாயங்காலமும் அவர் வராமல் இருந்ததில்லை.

எல்லோரும் கண்ணை மூடி உட்காரும்போது அவரும் மூடுவார். வாசலில் பாத்திரச் சத்தம் கேட்டால் ஒரு கண் தானாகத் திறந்துகொள்ளும். மழை பிடித்தால் ஊரே குளிர்ந்து கிடக்கும், இவருக்கு மட்டும் உடம்பு கொதிக்கும். இந்த மழையில் மாவு வாங்க யார் வருவார்கள்? பக்கத்துத் தெருவில் ஒருவர் பாக்கெட் மாவு போடத் தொடங்கியபோது, அங்கே யார் யார் போகிறார்கள் என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்துவிட்டு வந்தார்.

கேட்டால் அம்மாமேல் உள்ள அக்கறை என்பார். பாதி நிஜம்.

அம்மா செய்ததோ வேறு விசித்திரம். மாதத் தவணையோடு, கையில் மிஞ்சியதை எல்லாம் சேர்த்துக் கட்டினார். தீபாவளிக்குக் கூடுதலாக விற்ற மாவுக் காசும் வங்கிக்குப் போனது. புது கிரைண்டருக்கென்று சேர்த்ததும் அங்கேயே போனது. வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி மாதம் தவறாமல் இது நடந்தது. துணைக்குப் போவது நல்லசிவம்.

அப்படிக் கூடுதலாகக் கட்டும் பணம் வட்டிக்குப் போகாமல் நேராக அசலில் கழியும். ஒவ்வொரு முறையும் கவுன்ட்டரில் இருந்த பெண் அதே கேள்வியைக் கேட்பாள். தவணைத் தொகையைக் குறைக்கவா, மாதங்களைக் குறைக்கவா?

நல்லசிவம் அம்மா பக்கம் குனிந்து முணுமுணுப்பார். தொகை குறைந்தால் கொஞ்சம் மூச்சு விடலாம். ஒழுகுகிற ஓடுகளை மாற்றலாம். நாளைக்குக் காய்ச்சல் என்று படுத்தால் கையில் நாலு காசு வேண்டாமா? இருக்கிற கடன்களிலேயே வட்டி குறைந்தது வீட்டுக் கடன்தான், இதை அடைக்க யாராவது இப்படிப் பறப்பார்களா? கருவூலத்தில் பழுத்த மூளை. சொன்னதில் ஒன்றும் தப்பில்லை.

"மாசத்தைக் குறைச்சிடுங்கம்மா," என்பார் அம்மா, கவுன்ட்டர் பெண்ணைப் பார்த்து.

ஒரு தடவை வெளியே வந்ததும் அவரால் பொறுக்க முடியவில்லை.

"அப்படி என்னம்மா அவசரம்?"

"எனக்கு அவசரம் இருக்குங்க."

சொல்லிவிட்டு அம்மா நடந்தார்.

ஒருநாள் புதிதாக ஒரு வக்கீல் வந்தார். மனசு கலங்கிக் கிடக்கிறது, தெளிய வழி சொல்லுங்கள் என்றார். அம்மா அவர் கையில் அரிசிப் பாத்திரத்தைக் கொடுத்து, தண்ணீர் தெளிகிறவரை களையச் சொன்னார். வக்கீல் களைந்தார், களைந்தார், களைந்துகொண்டே இருந்தார்.

"தெளியவே மாட்டேங்குதே."

"போதும், ஊற வைங்க," என்றார் அம்மா.

வக்கீலின் கண் கலங்கிவிட்டது. கும்பிட்டுவிட்டுப் போனார்.

நல்லசிவத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேற்று வந்தவருக்கு ஒரே நாளில் கிடைத்துவிட்டது. வருடக்கணக்கில் கிடையாய்க் கிடப்பவருக்கு ஒரு சொல் கிடையாது. அந்த அரிசியை அவரும் எத்தனையோ தடவை களைந்து கொடுத்திருக்கிறார். அது வெறும் அரிசியாகவே இருந்தது.

அன்றைக்கு எல்லோரும் போன பிறகு கேட்டேவிட்டார்.

"வீட்டு மேல இவ்வளவு ஆசையாம்மா உங்களுக்கு?"

"வீட்டு மேல இல்லீங்க."

"பின்ன எதுக்கு இப்படி உடம்பை உருக்கறீங்க?"

அம்மா அவரை நிமிர்ந்து பார்த்தார். ஏதோ சொல்லப்போகிறார் என்று நல்லசிவம் காதைத் தீட்டிக்கொண்டார். நாளைக்கு உளுந்து வாங்க வேண்டும் என்றார் அம்மா.

போதும், இனி இந்தப் படி ஏறுவதில்லை என்று கருவிக்கொண்டுதான் அன்று இறங்கினார். பாதித் தெரு போவதற்குள் நினைப்பு வந்துவிட்டது. நாம் வராமல் போனால் மாவு விற்கிறதா இல்லையா என்று நமக்கு எப்படித் தெரியும்? மறுநாள் சாயங்காலம் முதல் ஆளாக வந்து உட்கார்ந்தார்.

இருபது வருடக் கடன் ஒன்பதாம் வருடத்திலேயே அடைந்தது.

மேலாளர் வீட்டுப் பத்திரத்தை அம்மாவிடம் கொடுத்துவிட்டு நல்லசிவத்தின் பக்கம் திரும்பினார். ஐயாவின் பொறுப்பும் இன்றோடு முடிந்தது, இனி உங்களுக்கும் இந்தக் கடனுக்கும் சம்பந்தமில்லை என்று கைகொடுத்தார். நல்லசிவத்துக்குக் கால் தரையில் பாவவில்லை. திரும்பி நடக்கும்போது வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார். அம்மா பத்திரத்தைக் கையில் பிடித்தபடி கூட வந்தார்.

வாசலில் நின்று அவர் சொன்னார்.

"அம்மா, கடன் முடிஞ்சிடுச்சு."

"ஆமாங்க. நீங்க கிளம்புங்க."

"சரிங்கம்மா. சாயங்காலம் வர்றேன்."

"எதுக்கு?"

நல்லசிவம் வாயைத் திறந்தார். உங்களைப் பார்க்க என்று சொல்ல வந்தார். சொல்ல முடியவில்லை. இத்தனை வருடமாக அந்தக் கூடத்தில் உட்கார்ந்து அவர் எதைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது அவருக்குத் தெரியும். அம்மாவுக்கும் தெரிந்திருக்கிறது என்பது இப்போதுதான் தெரிந்தது.

"கையெழுத்துப் போட்ட நாள்லேருந்து நீங்க போக முடியாம வந்துட்டிருந்தீங்க," என்றார் அம்மா. குரலில் குற்றம் சொல்லும் தொனி இல்லை. "எனக்காகப் போட்டது. வேற யாரும் போடலை. அதை நான்தானே அவுத்து விடணும்? அந்த அவசரம்தாங்க."

நல்லசிவத்துக்கு மழையில் ஒழுகிய கூரை நினைவுக்கு வந்தது. அம்மா இரவுச் சாப்பாட்டை நிறுத்திக்கொண்ட மாதங்கள் நினைவுக்கு வந்தன. வீட்டு ஆசை என்று சொன்ன நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

"அம்மா, நான்..."

"இப்பப் போகலாம். போயிட்டு வாங்கன்னு சொல்லலை. போங்க."

கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அன்று சாயங்காலம் நல்லசிவம் வீட்டில் இருந்தார். அவருடைய மனைவி கமலவேணி, உடம்புக்கு என்ன என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். மறுநாளும் இருந்தார். இரண்டு பேருமாகக் காவிரிக்கரைப் பக்கம் நடந்தார்கள். ஒரு கல்யாணத்துக்குப் போய் நிதானமாகப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். உண்மையைச் சொன்னால், நன்றாகவே இருந்தது. அம்மா ஆள் அனுப்பவில்லை. ஏன் வரவில்லை என்று யாரும் கேட்கவில்லை. போகாமலும் இருக்க முடியும் என்பது அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

ஆடி போய் ஆவணி வந்தது.

ஒரு நல்ல மழை நாளில், வேலை முடிந்து வந்து காபியும் குடித்துவிட்டு உட்கார்ந்திருந்தவர் எழுந்து சட்டையை மாட்டினார்.

"இந்த மழையில எங்க?" என்றாள் கமலவேணி.

அவர் குடையை விரித்துக்கொண்டு இறங்கிவிட்டார்.

அம்மா வீட்டில் அன்று யாரும் இல்லை. கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. அம்மா உளுந்தைத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தார். வாசலில் நிழல் தட்டியதும் நிமிர்ந்தார். முகத்தில் சந்தோஷமும் இல்லை, கோபமும் இல்லை.

"வாங்க. எதுக்கு வந்தீங்க?"

நல்லசிவம் குடையை மடக்கினார். மனதுக்குள் நாலா பக்கமும் தேடிப் பார்த்தார். பயம் இல்லை. கணக்கு இல்லை. அழகாகச் சொல்ல ஒரு வார்த்தைகூட இல்லை.

"தெரியலைங்கம்மா."

அம்மா கிரைண்டரை நிறுத்தினார். கையைத் துடைத்துக்கொண்டு அவருக்கு எதிரே வந்து உட்கார்ந்தார்.

"சரி," என்றார். "அங்கேருந்தே ஆரம்பிக்கலாம்."